பாட்டா விலையும் நைக்கி ஷூவும்

நைக்கியா பூமாவா என்று இன்றைய பிள்ளைகள் வாதாடுகிறார்களே, அதற்காகக் கொஞ்சம் ஷூ வரலாறு.

நான் வெலிங்டனில் பாடம் நடத்திய காலத்தில் பி.டி. வகுப்புக்கு வெள்ளை கான்வாஸ் ஷூதான். நம் ஊர் மழையில் நனைந்தால் அடுப்படியில்தான் காய வேண்டும். அழுக்கை மறைக்கப் பிள்ளைகள் சாக்பீஸ் தேய்த்து வருவார்கள். பெரும்பாலும் பாட்டா. அதை நம் நாட்டுக் கம்பெனி என்றே பலர் இன்றும் நினைக்கிறார்கள். 1894இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லின் ஊரில் தொடங்கியது அது. 1931இல் இந்தியா வந்து, கல்கத்தா அருகே பாட்டாநகர் என்று ஓர் ஊரையே எழுப்பியது. 99 ரூபாய் 95 பைசா என்று போட்டால் நூறு ஆகவில்லையே என்று நமக்கு ஒரு திருப்தி! அதற்கே ‘பாட்டா விலை’ என்று பெயர் வந்துவிட்டது.

1991க்குப் பிறகு கதவு திறந்தது. சில ஆண்டுகளில் ரீபோக், நைக்கி, அடிடாஸ் வந்தன. அடிடாஸும் பூமாவும் ஜெர்மனியின் ஹெர்ட்சோகனாவுராக் ஊரில், டாஸ்லர் அண்ணன் தம்பி பிரிந்த சண்டையில் பிறந்தவை. அது நிஜமான போட்டி. ஆனால் 2006இல் ரீபோக்கை அடிடாஸே வாங்கிவிட்டது. பிறகு சுமார் 15 ஆண்டுகள், அடிடாஸ் வேண்டாமென்று ரீபோக் வாங்கியவர் பணமும் அதே கல்லாவுக்குத்தான் போனது.

நைக்கியும் தன் ஷூவைத் தானே தைப்பதில்லை. செய்யாறு சிப்காட்டில் ஒரு தைவான் கம்பெனியின் ஆலை நைக்கிக்குச் செய்து கொடுக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். பெட்டியில் போட்டிருக்கும் விலையில் விளம்பரம் உண்டு, கடை வாடகை உண்டு. அந்தப் பெண்களின் கூலி அதில் சிறு துண்டு.