பழைய கேம்பர் டிரெய்லர்களுக்கான ஒளித்தடுப்புத் திரைகள்

காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படுவதும், படுக்கை, அடுப்பு, மேசை ஆகியவற்றை உள்ளடக்கியதுமான சக்கர வீடு அமெரிக்காவில் கேம்பர் டிரெய்லர் என்றும் பிரிட்டனில் கேரவன் என்றும் வழங்கப்படுகிறது. 1930களிலிருந்து 1970கள் வரை வட அமெரிக்காவில் கட்டப்பட்ட இத்தகைய வண்டிகள் பல, ஆர்வலர்களால் சீரமைக்கப்பட்டு இன்றும் சாலையில் ஓடுகின்றன; அவற்றின் சன்னல்கள் வழியே வரும் வெளிச்சத்தை முற்றிலுமோ பெரும்பகுதியோ மறிக்கும் துணிகள், பலகைகள், சுருள் திரைகள் ஆகியவை ஒளித்தடுப்புத் திரைகள் எனப்படும். வீட்டுச் சன்னலுக்குத் திரை வாங்குவோர் துணியைப் பார்த்தே முடிவெடுக்கலாம். இவ்வண்டிகளிலோ சுவரின் வளைவு, சன்னல் திறக்கும் விதம், கண்ணாடியில் படியும் ஈரம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பிறகே துணியைப் பற்றிய பேச்சு எழ வேண்டும்.

உடலை உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் என்னும் சுரப்பு, கண்ணில் வெளிச்சம் படும்போது குறைந்துவிடுகிறது. டிரெய்லரில் படுக்கைக்கும் சன்னலுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு கை நீளம்கூட இராது என்பதால், முகாம் திடலின் விளக்குக் கம்பமும் அண்டை வண்டியின் முகப்பு விளக்கும் நேரே முகத்தில் விழுகின்றன. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஜூன் மாத இறுதியில் சூரியன் ஏறத்தாழ 22 மணி நேரம் அடிவானத்திற்கு மேலேயே இருக்கிறது. கோடையில் அந்தப் பகுதிக்கு வண்டியை இழுத்துச் செல்வோருக்கு இத்திரை படுக்கையைப் போலவே இன்றியமையாத பொருளாகிறது.

விமானத் தாக்குதலுக்கு அஞ்சி 1939 செப்டம்பர் 1 அன்று பிரிட்டன் முழுவதும் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தபோது, சன்னல்களை மூடக் கறுப்புத் துணியும் காகிதமும் அட்டையும் பயன்பட்டன. இன்றைய ஒளித்தடுப்புத் துணி வேறு வகையில் செயல்படுகிறது. சாதாரண நெசவுத் துணியின் பின்புறத்தில் அக்ரிலிக் நுரை அடுக்கடுக்காகப் பூசப்படுகிறது. முதலில் வெள்ளை, அதன்மேல் கறுப்பு, மீண்டும் வெள்ளை என மூன்று பூச்சு பெற்ற துணி ஒளியை முழுவதும் மறிக்கும் என்றும், இரண்டு பூச்சு மட்டும் பெற்றது அறையை மங்கலாக்கும் என்றும் வணிகத்தில் வகுக்கப்படுகிறது. நடுப்பகல் நேர்வெயிலின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ் ஆகும். அதில் நூற்றுக்கு 99 பங்கை மறிக்கும் துணிகூட 1,000 லக்ஸ் அளவுக்கு ஒளியைத் தன் உட்பக்கம் கசியவிடும் என்பதால், மங்கலாக்கும் துணிக்கும் முற்றாக மறிக்கும் துணிக்கும் உள்ள வேறுபாடு விலைச்சீட்டு காட்டுவதைவிட மிகப் பெரியது.

ஆயினும் இருள் கெடுவது பெரும்பாலும் துணியின் ஓரங்களில்தான். வால்லி பையம் நிறுவிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் வெளியிட்ட கிளிப்பர் முதல் இன்றுவரை, ரிவெட் ஆணிகளால் இணைத்த அலுமினியத் தகடுகளால் ஆன அதன் வண்டிகளின் சுவர்கள் மேலே செல்லச் செல்ல உட்புறமாக வளைகின்றன. சன்னலின் மேல்விளிம்பில் தொங்கவிடப்பட்ட துணி செங்குத்தாக விழும்போது கீழ்விளிம்பு சுவரைவிட்டு விலகி நிற்க, அந்த இடைவெளி வழியே விடியற்காலை வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும். இதனாலேயே ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளில் திரைத்துணி மேலும் கீழும் இரு தடங்களில் நழுவும்படி பொருத்தப்பட்டது. பழுது பார்ப்போர் சிலர் அழகு கருதிக் கீழ்த்தடத்தை அகற்றிவிட்டு ஒற்றைக் கம்பியை மாட்டுவது அந்தப் பழைய அமைப்பின் நுட்பத்தை இழப்பதாகும். ஷாஸ்டா போன்ற நிறுவனங்கள் மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்திக் கட்டிய வண்டிகளோ, பக்கவாட்டுத் தோற்றத்தில் பன்றித் தொடைக்கறி அடைத்த தகரப் பெட்டியின் வடிவைக் கொண்டிருப்பதால் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அவற்றில் வளைவு முன்பின் சுவர்களில் மட்டுமே உள்ளது, பக்கச் சுவர்கள் தட்டையானவை என்பதால் அங்கே ஒற்றைத் தடமே போதும். 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் தொடங்கிய போலர் போன்ற கண்ணாடியிழை வண்டிகளில் எல்லா மூலைகளும் உருண்டவை. நேர்கோட்டுச் சட்டம் கொண்ட கடைத்திரை எதுவும் அவற்றில் ஒட்டிப் பொருந்துவதில்லை.

திறக்கும் முறையும் இதற்கு நிகரான கவனம் கோருகிறது. கிடைமட்டக் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கடுக்காகத் திரும்பும் லூவர் சன்னல்களில் திருகுப்பிடி உட்புறம் துருத்தி நிற்பதால், சன்னலோடு ஒட்டிப் படியும் திரையில் அந்தப் பிடிக்கென ஒரு வெட்டு விட வேண்டியுள்ளது. சுருள் திரை நேர்த்தியானது, ஆனால் அதன் துணி உருளையைவிடக் குறுகலாக இருப்பதால் இரு பக்கமும் ஒளிக்கோடு விழும். பக்கவாட்டுக் காடிகள் இல்லாத சுருள் திரை உறங்கும் பகுதிக்கு ஏற்றதன்று. வில்விசையால் சுவர்களுக்கிடையே இறுகி நிற்கும் கம்பிகள், வண்டி மேடுபள்ளத்தில் குலுங்கும்போது கழன்று விழுகின்றன. காந்தப் பட்டைகள் அலுமினியத்தில் ஒட்டாது என்பதைத் துணி தைத்து முடித்த பின்னரே அறிவோர் பலர். அவ்விடத்தில் மெல்லிய இரும்புப் பட்டையை முதலில் ஒட்டிக்கொள்வது வழி. பல வண்டிகளின் முன்சன்னலுக்கு வெளியே, சாலைக் கற்கள் தெறித்துக் கண்ணாடியை உடைக்காதிருக்கக் கீல் வைத்த மூடி ஒன்று உண்டு. நிறுத்திய இடத்திலும் அதைத் தாழ்த்தி வைத்தால் அந்தச் சன்னலுக்கு வேறு ஒளித்தடுப்பே தேவையில்லை.

இவ்வகைகள் அனைத்திலும் கழற்றி மாட்டும் பலகைத் திரையே படுக்கைப் பகுதிக்குச் சிறந்தது எனலாம். சன்னலின் மேல் தடித்த காகிதத்தை வைத்து வட்ட மூலைகளோடு அச்செடுத்து, சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டி வெட்டி, ஓரத்தில் பிரஸ் பட்டன்களோ வெல்க்ரோ பட்டையோ தைத்து இது செய்யப்படுகிறது. பூச்சுள்ள துணியில் ஊசி ஏறிய ஒவ்வொரு துளையும் நிலையாகத் திறந்தே இருக்கும். காலையில் தையல் நெடுகிலும் வரிசையாக ஒளிப்புள்ளிகள் தெரியும். எனவே நடுப்பகுதியில் தையலே விழாதபடி ஒரே துண்டாக வெட்டுவதும், குண்டூசிக்குப் பதில் கவ்விகளைப் பயன்படுத்துவதும், தையலைச் சட்டத்தின்மேல் படியும் விளிம்போடு நிறுத்துவதும் தேர்ந்த தையற்காரரின் வழக்கம். முதற்சுற்றுச் சீரமைப்பில் சுவரில் புதிதாகத் துளையிடுவதைத் தவிர்த்து, பழைய திருகுத் துளைகளையே பயன்படுத்துவது வண்டியின் மதிப்பைக் காக்கும்.

ஒற்றைக் கண்ணாடியின் குளிர்ந்த முகத்தில், உறங்குவோரின் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் எழும் ஆவி நீர்த்துளிகளாகப் படிகிறது. திரை எவ்வளவு நெருக்கமாக மூடுகிறதோ, அவ்வளவுக்குக் கண்ணாடிக்கு உள்வெப்பம் எட்டாமல் அது மேலும் குளிர்ந்து, ஈரமும் கூடும். வழிந்த நீர் கீழ்ச்சட்டத்தில் தேங்கினால் மரச்சட்ட வண்டிகளில் சன்னலடி உளுத்துப்போவதும் பிர்ச் மர ப்ளைவுட் கறுப்பதும் உறுதி. இத்தகைய வண்டிகளைப் பாழாக்குவதில் மழைக்கசிவுக்கு அடுத்த இடம் இதற்கே தரத்தக்கது. காலையில் பலகையைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்து உலரவிடுவதையும் கூரைத் துவாரத்தைச் சற்றே திறந்து வைப்பதையும் விட எளிய மருந்து இல்லை. வெயில் காலத்தில் சிக்கல் வேறு: கண்ணாடியை ஒட்டி வைத்த கறுப்புப் பரப்பு வெப்பத்தை ஈர்த்து, கண்ணாடிக்கும் தனக்கும் நடுவே தேக்குகிறது. வெளியே பார்க்கும் முகம் வெள்ளையாகவோ வெள்ளிப் பூச்சாகவோ இருப்பது நலம். அதனினும் மேலானது கண்ணாடிக்கு வெளியே நிழல் தரும் பந்தல். 1960களின் நடுப்பகுதியில் ஏர்ஸ்ட்ரீமில் பொருத்தப்பட்ட கார்னிங் நிறுவனத்தின் வளைந்த கண்ணாடிகள் உடைந்தால் மாற்றுக் கண்ணாடி எளிதில் கிடைக்காது என்பதால், அவற்றின்மேல் வெப்பம் தேங்கவிடுவது தவறு.

1940களிலும் 1950களிலும் புகழ்பெற்ற பார்க்கிளாத் என்னும் சொரசொரப்பான பூப்போட்ட பருத்தித் திரைகள் எஞ்சியிருக்கும் வண்டிகளில், அவற்றோடு புதுத் துணியைச் சேர்த்துத் தைக்கவோ ஒட்டவோ கூடாது. பல ஆண்டு வெயிலில் இற்றுப்போன நூல் புதிய பூச்சுத் துணியின் எடையைத் தாங்காது; தனியாகக் கழற்றக்கூடிய பலகையைக் கண்ணாடிப் பக்கம் வைத்தால், பழைய துணியும் வெயிலிலிருந்து தப்பும், இருளும் கிடைக்கும்.

அடுப்புக்கு அருகிலுள்ள சன்னலில் தளர்ந்து தொங்கும் எந்தத் துணியும் ஆபத்தானது. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 701 எண் கொண்ட தரநிலை திரைத்துணிகள் தீப்பற்றிப் பரவும் தன்மையைச் சோதிப்பது. அச்சோதனையில் தேறிய துணியை அங்கே தேர்ந்தெடுப்பதும், தப்பிச் செல்லப் பயன்படும் சன்னலின் பலகை இருட்டிலும் ஒரே இழுப்பில் கழன்று வருமாறு அமைப்பதும் வேண்டும். கூரைத் துவாரத்தின் வழியே விழும் வெளிச்சத்தை மறிக்க நுரை மெத்தைத் துண்டு ஒன்றைச் செருகி வைப்பது வழக்கமாக உள்ளது. எரிவாயு அடுப்போ சூடேற்றியோ எரியும்போது அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே சேராமல் வெளியேற இவ்வண்டிகளில் இருக்கும் வழிகளுள் அத்துவாரமும் ஒன்று.