பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் விவசாயிகள் கவனத்துக்கு

உழவன் செயலியில் மானியத்துக்குப் பதிவு செய்வது, பி.எம். கிசான் தவணைக்கு இ-கேஒய்சி முடிப்பது என எல்லாம் இன்று போனில்தான். ஆனால் போன் பழசானால் செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். மோட்டாரில் காயில் போனால் மறுபடி கட்டலாம். நிறுவனம் அப்டேட்டை நிறுத்திய போனுக்கு ரிப்பேர் கடையில் வழி கிடையாது.

செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பையும், செக்யூரிட்டி அப்டேட் தேதியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் 2025 ஜனவரியோடு வாட்ஸ்அப் நின்றுவிட்டது. 8, 9 பதிப்புகளுக்கு 2025 ஆகஸ்ட் முதல் புதிய குரோம் பிரவுசர் வருவதில்லை. செக்யூரிட்டி தேதி இரண்டு, மூன்று ஆண்டு பழசாக இருந்தால் அந்தப் போனில் வங்கிச் செயலி வேண்டாம்.

அப்டேட் வந்திருந்தால், பட்டா, சிட்டா படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு, முழு சார்ஜில் வைஃபை மூலம் ஏற்றுங்கள்.

பிளே ஸ்டோரில் ‘இந்தப் போனுக்குப் பொருந்தாது’ என்று வந்தால், வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பி.எம். கிசான்’ ஏபிகே ஃபைலை மட்டும் தொடாதீர்கள். அந்தப் பெயரில் வரும் போலி ஃபைல்கள் ஓடிபியைத் திருடி வங்கிக் கணக்கையே காலி செய்துவிடும். அதற்குப் பதில் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து இ-கேஒய்சி முடிக்கலாம்.

புதுப் போன் வாங்கும்போது கேமராவைவிட, எத்தனை ஆண்டு அப்டேட் என்பதை முதலில் கேளுங்கள். சாம்சங் எஸ்24 போன்றவற்றுக்கு 7 ஆண்டு. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அந்தக் கணக்கு மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. செகண்ட் ஹேண்டில் பலர் ஏமாறுவது இங்கேதான்.