பந்தயத் தடமும் டயரும்



விழுப்புரத்திலிருந்து கிழக்கே புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊராகிய கோலியனூர். பண்ணுருட்டி வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலை அங்கேதான் பிரிகின்றது. என் இளமையில் அக்கூட்டுச்சாலையின் ஓரமாகத் தச்சர் ஒருவரும் கொல்லர் ஒருவரும் அடுத்தடுத்துப் பட்டறை வைத்திருந்தனர். தச்சர் குடமும் ஆரக்காலும் வட்டையும் இணைத்துச் சக்கரத்தை உருவாக்குவார். கொல்லர் இரும்புப் பட்டையை வறட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தின்மேல் பூட்டித் தண்ணீரை ஊற்றுவார். காய்ந்த இரும்பு விரியும், குளிர்ந்த இரும்பு சுருங்கும் என்னும் பாடத்தைப் பள்ளியிற் படிப்பதற்கு முன்பே நான் அங்கே கண்ணாரக் கண்டேன். சக்கரம் வேண்டுமென்று எவர் வந்தாலும் அத்தச்சர் முதலிற் கேட்பன இரண்டே கேள்விகள்: ஏற்றுவது என்ன பாரம்? போவது எந்தப் பாதை? சேற்று வயலிலிருந்து கரும்பு ஏற்றிவரும் கட்டை வண்டிக்கும், ஆட்களை ஏற்றிச் சாலையிற் செல்லும் கூண்டு வண்டிக்கும் அவர் ஒரே சக்கரத்தைச் செய்து கொடுத்ததில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஐப்பசி மாதத்தில் அவருடைய கேள்விகள் மீண்டும் என் நினைவுக்கு வந்தன. என்னிடம் படித்துப் பொறியாளனாகிய ஓர் இளைஞன் புதிதாகக் கார் வாங்கியிருந்தான். திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்ப் பந்தயத் தடம் ஒன்று உண்டு. போட்டி இல்லாத சில நாட்களில், பந்தய வீரர் அல்லாதாரும் கட்டணம் செலுத்தித் தம் சொந்த வண்டியை அங்கே விரைந்தோட்டிப் பார்க்கலாம். அதற்கு இவனும் பெயர் கொடுத்திருந்தான். “எந்த டயரைப் போடலாம், ஐயா?” என்று கேட்டான். நான் இயற்பியல் ஆசிரியனாக இருந்து தலைமையாசிரியன் ஆனவன். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? ஒரு மணி நேரம் விளக்கினேன். விளக்கியவற்றிற் பிழை எதுவும் இல்லை. ஆயினும் ஒன்றைக் கூறத் தவறிவிட்டேன். அது என்னவென்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

டயரின் வரலாறு பந்தயத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் உறுதி பெறும் என்பதை 1839இல் கண்டார். ஸ்காட்லாந்தியராகிய ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமம் பெற்றார். மோட்டார் வண்டி பிறவாத காலம் அது. குதிரை வண்டிக்கு எதற்கு இத்தனை ஆடம்பரம் என்று உலகம் அவரை மறந்தது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர மிதிவண்டி குலுங்காமற் செல்ல வேண்டுமென்று முயன்று, 1888இல் அதனையே மீண்டும் கண்டுபிடித்தார். மறு ஆண்டு மே மாதம் வில்லியம் ஹியூம் என்னும் வீரர் டன்லப்பின் டயர் பூட்டிய மிதிவண்டியில் ஏறிப் பெல்பாஸ்ட் பந்தயங்களில் வெற்றி மேல் வெற்றி பெற்றார். தாம்சனின் உரிமப் பத்திரத்தால் ஆகாத காரியம் ஒரு நாட் பந்தயத்தால் ஆயிற்று.

மோட்டார் வண்டிக்கு அவ்வாறு துணிந்தவர்கள் பிரான்சு நாட்டு மிஷலின் சகோதரர்கள். 1895இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீண்ட, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் அவர்கள் காற்றடைத்த டயரோடு கலந்துகொண்டனர். வழியெங்கும் பஞ்சர். பரிசு கிடைக்கவில்லை. எனினும் காற்றின்மேல் கார் ஓடும் என்பதை நாடு கண்டுவிட்டது.

இந்த ரப்பரில் நம்மவரின் வியர்வையும் கலந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளை 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் இலண்டனுக்குக் கொணர்ந்தார். அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றன. பின்பு மலாயாவில் தோட்டங்கள் பெருகிய காலத்தில், விடியற்காலையில் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். நம் தென்னார்க்காட்டு மாவட்டத்திலிருந்து கப்பலேறியவர்களும் அவர்களுள் உண்டு. மேல்நாட்டு வீரர் பெயர்களை ஏடுகள் குறித்து வைத்தன. பால் எடுத்தவர் பெயரை எழுதி வைத்தவர் எவருமில்லை.

சென்னைக்கு வருவோம். சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தொடங்கப் பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சோழவரம் விமானத் தளமே அதன் பந்தயத் தடமாயிற்று. நான் சென்னையிற் படித்த நாளில் ஒருமுறை அங்கே சென்றிருக்கிறேன். பந்தயத்தைக் காட்டிலும் என் நெஞ்சில் நின்றது ஒரு சிறு காட்சி. வண்டி பழுது பார்க்கும் ஒருவர் டயரைத் தரையிற் கிடத்தி, அதன் முகத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் பதிந்தால் மென்மையான ரப்பர்; பதியாவிடில் கடினம். பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே தடம் அமைந்தது. டயர்த் தொழிலும் இந்நகரில் உடன் வளர்ந்தது. திருவொற்றியூரில் 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கூடமே எம்.ஆர்.எப். நிறுவனமாயிற்று. 1952இல் தேய்ந்த டயருக்கு மறுமுகம் இடும் ரப்பரையும், 1960க்குப் பின் டயரையும், பிற்காலத்தில் பந்தய டயரையும் அது செய்யலாயிற்று.

அந்த மனிதர் நகத்தால் அழுத்திப் பார்த்தாரே, அதன் பொருள் என்ன? சாலை நம் கண்ணுக்குச் சமமாகத் தோன்றினும் அது நுண்ணிய மேடு பள்ளம் நிறைந்தது. மெல்லிய ரப்பர் அம்மேடுகளைத் தழுவி அமர்ந்து பற்றிக்கொள்ளும்; அதுவே பிடிமானம். ஆனால் மெல்லியது விரைவில் தேயும். வெப்பமும் இதிற் சேர்கிறது. பந்தய டயர் குளிர்ந்திருக்கையில் வழுக்கும். நன்கு சூடேறிய பின்னரே பற்றும். அளவு கடந்து சூடேறினால் கொப்புளித்துக் கிழியும். நாம் நாள்தோறும் ஓட்டும் சாலை டயரோ குளிரிலும் மழையிலும் பிடிக்குமாறு செய்யப்பட்டது. தடத்தில் தொடர்ந்து விரட்டினால் அது தாங்காது.

காற்றழுத்தத்தையும் எண்ணிப் பாருங்கள். 30 பாகைச் சூட்டில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு காற்றடைத்த டயர், ஓடி 80 பாகையை எட்டினால் அழுத்தம் ஏறத்தாழ 37 பவுண்டாகும். வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டிக்கொண்டு நீங்களே கணக்கிடலாம். ஆகவேதான் தடத்தில் ஓட்டுவோர் சில சுற்று ஓடி வந்தவுடன் அழுத்தத்தை அளந்து சரிசெய்வர்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிதல் வேண்டும். அதிலுள்ள நான்கிலக்க எண்ணில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது. எச் என்னும் எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டரையும், வி என்பது 240 கிலோமீட்டரையும் தாங்கும் என்பதற்கு அடையாளம்.

இனி ஒரு வியப்பு. உலர்ந்த தடத்தில் ஓட்டுதற்குக் கோடும் பள்ளமும் அற்ற மொட்டை டயரே சிறந்தது. தரையைத் தொடும் பரப்பு அதில் அதிகம். உலகப் பந்தயமாகிய பார்முலா ஒன்றில் அது 1971இல் வந்தது. பள்ளங்களின் வேலை பிடிப்பதன்று, நீரை வெளியேற்றுவது. நீர் தேங்கிய பாதையில் எந்த வேகத்தில் டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் என்பதை அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் 1960களில் விமானச் சக்கரங்களைக் கொண்டு ஆராய்ந்தனர். 30 பவுண்டு அழுத்தமுள்ள டயருக்கு அவர்களுடைய கணக்கு மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் என்று வருகிறது. நம் நெடுஞ்சாலைகளில் 90 என்பது நடைவேகம் போலாகிவிட்டது!

டயரைத் தேர்வதில் பெரும் நிறுவனமே தவறிய வரலாறு ஒன்று உண்டு. அதில் நம் தமிழ்நாட்டு வீரர் ஒருவரும் இருக்கிறார். 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் இண்டியானாபொலிசு நகரில் பார்முலா ஒன்று பந்தயம். அவ்வாண்டு விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்திற்கும் ஒரே தொகுதி டயர்தான்; இடையில் மாற்றலாகாது. ஏழு அணிகள் மிஷலின் டயரையும், மூன்று அணிகள் பிரிட்ஜ்ஸ்டோன் டயரையும் பூட்டியிருந்தன. அத்தடத்தின் இறுதி வளைவு ஒருபுறம் உயர்ந்து சரிந்தது. வண்டிகள் முழு வேகத்தில் அதிற் பாயும்போது டயரின்மேல் பெருஞ்சுமை விழும். போதாதற்கு அவ்வாண்டு பாதையின் மேற்பரப்பும் புதுப்பிக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ப் ஷூமாக்கரின் வண்டி அங்கே பின் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. முழு வேகத்தில் பத்துச் சுற்றுக்கு மேல் எங்கள் டயருக்குப் பொறுப்பேற்க இயலாது என்று மிஷலின் நிறுவனத்தார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டனர். பந்தயமோ 73 சுற்று. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கத் தடை அமைக்கலாமா என்று கேட்டனர், நடத்துவோர் மறுத்தனர். ஞாயிறன்று இருபது வண்டிகளும் அணிவகுத்து ஒரு சுற்று வந்தன. பின்பு பதினான்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகைக்குள் திரும்பிவிட்டன! கூட்டம் கொதித்தது. எஞ்சிய ஆறே ஓடின. பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமாகிய பயர்ஸ்டோன், அதே இடத்தின் வேறொரு பந்தயத்திற்கு ஆண்டுதோறும் டயர் தருவது. அப்பரப்பின் இயல்பை அறிந்திருந்தது. “பாதை எது?” என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடை இருந்தது.

அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். நான்காம் இடம் பெற்றார். ஐந்து புள்ளிகள் கிடைத்தன. பார்முலா ஒன்றில் இந்தியர் எவரும் வேறு புள்ளி பெற்றதில்லை. ஆறு பேரில் நான்காவது ஒரு பெருமையா என்று ஏளனம் செய்வோர் உளர். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. ஒரே தொகுதி டயரைக் கிழிய விடாமல் பந்தயம் முடியும்வரை காத்து ஓட்டுவது எளிதன்று. ஓடாமல் நின்றவர்களையும் நான் குறை கூறேன். நூறாயிரம் கண்கள் பார்த்திருக்க, எங்கள் டயர் தாங்காது என்று ஒப்புக்கொள்வதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

இவை யாவற்றையும் அந்த இளைஞனுக்குச் சொன்னேன். அவன் மென்மையான ரப்பரும் மிகக் குறைந்த பள்ளமும் உடைய டயர்களை வாங்கிப் பூட்டினான். தடத்தில் அவை மிக நன்றாக ஓடின என்று மாலையில் தொலைபேசியில் மகிழ்ந்து கூறினான். இரவு எட்டு மணிக்கு மீண்டும் தொலைபேசி ஒலித்தது. இம்முறை பேசியவர் அவன் தந்தை. திரும்பும் வழியில், திண்டிவனத்திற்கு வடக்கே ஓலக்கூர் அருகில் அடைமழை. தேங்கிய நீரில் ஏறிய வண்டி மிதந்து சுழன்று சாலைத் தடுப்பில் மோதியது. மணிக்கட்டு முறிந்தது; உயிர் தப்பினான். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் காலத்தில் நிறுத்தினார்.

நான் கூறத் தவறியது அதுதான். தடத்தைப் பற்றிக் கேட்டான். தடத்தைப் பற்றியே சொன்னேன். வீட்டிலிருந்து தடத்திற்குப் போவதும் தடத்திலிருந்து வீட்டிற்கு வருவதும் அதே நான்கு சக்கரத்தில்தானே! நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை அது, மாதமோ ஐப்பசி. கூட்டுச்சாலைத் தச்சர் உயிரோடிருந்தால் அதனைக் கேளாமல் விட்டிருக்க மாட்டார்.

மருத்துவமனையில் அவனைப் பார்த்தபோது நான் இதனைச் சொல்லி வருந்தினேன். அவன் நகைத்து, “கேட்டது நான்தானே ஐயா, பாதிக் கேள்வியைக் கேட்டேன்” என்றான்.

மறு ஆண்டு தை மாதத்தில் அவன் மீண்டும் இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்றான். இம்முறை பள்ளம் நன்கு ஆழ்ந்த சாலை டயர்களே வண்டியில் இருந்தன. மற்றவர்களைப் போல் அவனால் விரைந்தோட முடியவில்லை. நான்கு சுற்றுக்கொரு முறை வெளியே வந்து, அழுத்தத்தை அளந்து, டயர் ஆறும்வரை மர நிழலில் அமர்ந்திருந்தானாம். அந்தி சாய்வதற்குள் கோலியனூர் வந்து சேர்ந்து, தேய்ந்தது எவ்வளவு என்று காட்டுவதற்காக வண்டியை என் வாசலிலேயே நிறுத்தினான்.