பிர்ரியை ஓடவைத்தே வீழ்த்திய கூட்ஸ்

நெடுந்தூர ஓட்டத்தில் முன்னால் ஓடுபவருக்குக் கைதட்டல் கிடைக்கும். லாபம் பின்னால் வருபவருக்குத்தான். முன்னவர் காற்றின் எதிர்ப்பைத் தாங்கி, வேகத்தையும் தானே கணக்கிட வேண்டும். பின்னவருக்கு அந்த இரண்டு பாரமும் இல்லை. முன்னவரின் வலது தோளுக்குச் சற்றே பின்னால் ஓடுவதைத்தான் பெரும்பாலோர் விரும்புவார்கள். உள்கோட்டை ஒட்டியே ஓடினால் தூரம் மிச்சம். ஆனால் முன்னும் பக்கமும் ஆள் வந்துவிட்டால், பாய வேண்டிய நேரத்தில் வழி அடைபட்டுவிடும். இரண்டாம் லேனுக்கு விலகி ஓடினாலோ சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும்.

கடைசி 200 மீட்டரில் வேகம் இல்லாத ஒருவர் இந்தக் கணக்கில் எப்படி ஜெயிப்பது? 1950களில் அந்த நிலையில் இருந்தவர் சோவியத் கடற்படை வீரர் விளாடிமிர் கூட்ஸ். 1954இல் பெர்ன் ஐரோப்பியப் போட்டியின் 5,000 மீட்டரில் தொடக்கத்திலேயே தனியாகப் பாய்ந்தார். போட்டியாளர்களான எமில் சாட்டோபெக்கும் ஆங்கிலேயரான கிறிஸ் சாட்டவேயும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருக்க, கூட்ஸ் உலக சாதனையோடு வென்றார். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் சாட்டவே உஷாராகிவிட்டார். கடைசிவரை ஒட்டியே வந்து, கோட்டருகே ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் முந்தினார். 1956 ஜூனில் பெர்கனில் இன்னொரு ஆங்கிலேயரான கார்டன் பிர்ரியும் அதையே செய்து, 13 நிமிடம் 36.8 நொடியில் புதிய உலக சாதனை படைத்தார். ஒரே சீரான வேகத்தில் தலைமை தாங்குவது எதிராளிக்குச் செய்யும் உபகாரம் என்பது கூட்ஸுக்குப் புரிந்துபோனது.

அதற்கான பதிலை 1956 நவம்பர் 23 அன்று மெல்போர்ன் ஒலிம்பிக்கின் 10,000 மீட்டரில் அவர் காட்டினார். முதல் சுற்றே சுமார் 61 நொடி. அன்றைய உலக சாதனை கூட்ஸுடையதுதான்; அதன் சராசரியே சுற்றுக்கு 68 நொடிக்கு மேல். அதன்பின் திடீர்ப் பாய்ச்சல், திடீர்த் தளர்வு, மறுபடி பாய்ச்சல். வேகம் எப்போது மாறும் என்பது கூட்ஸுக்கு மட்டுமே தெரியும். பிர்ரி ஒவ்வொரு முறையும் இடைவெளியை மூடினார். இடையிடையே கூட்ஸ் விலகி, முன்னால் போகும்படி சைகை காட்டினார், பிர்ரி மசியவில்லை. 21ஆவது சுற்றில் கூட்ஸ் ஏறத்தாழ நின்றேவிட்டார். வேறு வழியின்றி பிர்ரி முன்னே வர, கூட்ஸ் முதல் முறையாக அவரைப் பின்னாலிருந்து பார்த்தார். களைப்பு தெரிந்தது. உடனே இன்னொரு பாய்ச்சல். அதோடு பிர்ரி உடைந்தார்.

கூட்ஸ் 28 நிமிடம் 45.6 நொடியில் தங்கம் வென்றார். ஹங்கேரியின் யோசெப் கோவாச் இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் ஆலன் லாரன்ஸ் மூன்றாவது. பிர்ரிக்கு எட்டாம் இடம்.

பார்க்க அழகான ஓட்டம் அல்ல, சிக்கனமானதும் அல்ல. முதல் பாதியை 14 நிமிடம் 7 நொடியளவில் ஓடிய கூட்ஸுக்கு இரண்டாம் பாதிக்கு அரை நிமிடம் கூடுதலாகத் தேவைப்பட்டது. இத்தகைய பாய்ச்சல் பாய்கிறவரையும் சேர்த்தே வாட்டும். பின்னால் வருபவர் விடாமல் துரத்தினால்தான் அது பலிக்கும். கோவாச்சும் லாரன்ஸும் அந்த வலையில் விழவில்லை. தங்கள் வேகத்தில் ஓடி, பதக்கம் பெற்றார்கள். பிர்ரி தோற்றது பலவீனத்தால் அல்ல, பெர்கனில் பலித்த உத்தியை விட மனம் வராததால்.

ஐந்து நாள் கழித்து நடந்த 5,000 மீட்டரில் அதே விளையாட்டு தேவைப்படவில்லை. கூட்ஸ் கடும் வேகத்தில் முன்னால் ஓடி, இரண்டாவதாக வந்த பிர்ரியைப் பதினொரு நொடி பின்னுக்குத் தள்ளினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ரோமில் அவர் ஓடிய 13 நிமிடம் 35 நொடி, 1965 ஜனவரியில் ரான் கிளார்க் முறியடிக்கும்வரை உலக சாதனையாக நீடித்தது.