தூண்டில் கோலில் ஒட்டியிருக்கும் பழைய பசையும் கொஞ்சம் வரலாறும்

பி.காம் படிக்கிறவனுக்குத் தூண்டில் கோலோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆடிட்டிங் பேப்பரில் எங்களுக்கு மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுப்பது, வவுச்சர் இல்லாத கணக்கை நம்பாதே என்பதுதான். பழைய தூண்டில் கோலைப் புதுப்பிக்கிறவர்கள் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எறிகிறார்களே ஒரு பசை, அதுவும் ஒரு வவுச்சர்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். ரீல் வைத்த தூண்டில் கோலில், நரம்பு கோலை ஒட்டியே ஓடுவதற்காக அடியிலிருந்து நுனி வரை சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் தட்டையான கால் உண்டு. அந்தக் காலைக் கோலின் மேல் வைத்து, நூலால் நெருக்கமாகச் சுற்றி, மேலே வார்னிஷோ எபாக்ஸியோ பூசிவிடுவார்கள். ஆணி கிடையாது, திருகு கிடையாது (ஓட்டை போட்டால் கோல் அங்கேயே முறியும்). வளையம் துருப்பிடித்தால் நூலை அறுத்து எடுத்துவிட்டுப் புதிது கட்ட வேண்டும். நூல் போய்விடும், பசைத்தடம் மட்டும் போகாமல் நிற்கும்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான். சூடு காட்டு, சுரண்டு, ஸ்பிரிட் போட்டுத் துடை. இன்றைய கோலுக்கு இது சரி. அதே வைத்தியத்தை நூறு வருஷத்துக் கோலுக்குச் செய்தால் கோலே பட்டை பட்டையாகப் பிரிந்து கையோடு வந்துவிடும். ஏன் என்று தெரிந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

1840களில் பென்சில்வேனியா மாநிலம் ஈஸ்டன் ஊரில் சாமுவேல் ஃபிலிப்பி என்பவர் இருந்தார். துப்பாக்கி செய்வது தொழில், வயலினும் செய்வார். மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பட்டைகளைச் சேர்த்து ஒட்டித் தூண்டில் கோல் செய்த ஆரம்பகாலக் கைவினைஞர்களில் அவர் முக்கியமானவர். பிறகு மெய்ன் மாநிலத்து பாங்கர் ஊரின் ஹைரம் லெனர்ட், ஆறு பட்டைக் கோலைப் பெரிய தொழிலாகவே ஆக்கினார். பட்டை சீவுவதற்கென்று 1870களில் இயந்திரமே செய்தார். மூங்கில் எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம கல்கத்தா துறைமுகத்திலிருந்து! அதற்குப் பெயரே 'கல்கத்தா கேன்'. 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்தான் சீனாவின் குவாங்டோங் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது.

அந்தக் காலத்தில் பட்டைகளை ஒட்ட வைத்தது வச்சிரம், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற தச்சர் பசை. நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் ஈரம் பட்டால் இளகும், சூடு பட்டாலும் இளகும், 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும். தண்ணீரிலேயே கிடக்கப் போகிற பொருளுக்கு இப்படி ஒரு பசை! அதனால் வளையம் இருக்கிற இடத்தில் மட்டுமில்லாமல், கோல் முழுக்க நெருக்க நெருக்கமாகப் பட்டு நூல் சுற்றினார்கள். அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். பசை கைவிட்டாலும் பட்டைகள் பிரியாமல் பிடித்துக்கொள்ளத்தான். 1930, 40களில் செயற்கைப் பசைகள் வந்ததும் இந்த இடைச்சுற்றுகள் தேவையில்லாமல் போயின. 1940களில் ஓர்விஸ் கம்பெனியில் வெஸ் ஜோர்டன் இன்னும் ஒரு படி மேலே போய், பேக்கலைட் வகைப் பிசினை மூங்கிலுக்குள்ளேயே ஊற வைத்துவிட்டார். அந்தக் கோலுக்கு மேல்பூச்சு வார்னிஷே வேண்டாம்.

இப்போது பசைத்தடத்துக்கு வருவோம். ஒரு மூங்கில் கோலில் வளையங்களுக்கு நடுவிலும் மெல்லிய நூல்தடங்கள் வரிசையாகத் தெரிகின்றன என்றால், உள்ளே இருப்பது வச்சிரமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். ஹீட் கன்னைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்தத் தடங்களைப் பார்ப்பதற்கு முன்பே சுரண்டி முடித்துவிட்டால்? கோலின் வயதைச் சொல்லும் சாட்சியும் போச்சு, எச்சரிக்கையும் போச்சு.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு சுரண்டினாலும் சில இடங்களில் ஒரு நிழல் மாதிரி பட்டை தெரியும். பலர் அதையும் பசை என்று நினைத்து உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பார்கள். அது பசையே இல்லை. வெயிலில் கோல் முழுக்க நிறம் மாறியிருக்கும். நூலுக்குக் கீழே வெயில் படாததால் அங்கே பழைய நிறம் அப்படியே இருக்கும். அதாவது, நாம் கறை என்று தேய்ப்பதுதான் கோலின் ஒரிஜினல் நிறம்! செய்தவர் எந்தெந்த இடைவெளியில் வளையம் கட்டினார், நடுவில் யாராவது மாற்றிக் கட்டினார்களா என்பதெல்லாம் அந்த நிழலை ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். பழைய கோல் சேகரிப்பவர்கள் பளபளவென்று தேய்த்த கோலைவிட, அழுக்கானாலும் கை படாத கோலுக்கு அதிக விலை கொடுப்பது சும்மா இல்லை.

மூங்கிலின் ராஜ்ஜியம் முடிந்ததற்கு அரசியலும் ஒரு காரணம். 1947இல் ஷேக்ஸ்பியர் கம்பெனி (நாடகக்காரர் இல்லை, ரீல் கம்பெனி) ஆர்தர் ஹோவால்டின் முறையில் ஃபைபர் கிளாஸ் கோலைக் கொண்டுவந்தது. 1950இல் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனாவுடன் வியாபாரத்துக்குத் தடை போட, குவாங்டோங் மூங்கில் வரத்து நின்றது. தடை விலகியது 1970களின் தொடக்கத்தில். 1973இல் ஃபென்விக் கம்பெனி கிராஃபைட் கோலை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. மூங்கில் பிரியர்களின் பொருளாகச் சுருங்கிப் போனது.

கிராஃபைட் கோலில்தான் 'சூடு காட்டு, சுரண்டு' செல்லும். கோலின் பிசின் தொழிற்சாலை அடுப்பில் 120 டிகிரி வாக்கில் வெந்து இறுகியது. நூல் மேல் பூசிய எபாக்ஸி சாதாரண அறைச் சூட்டில் காய்ந்தது. எனவே மிதமான சூட்டில் மேலே இருப்பது முதலில் இளகும், கீழே இருப்பது தாங்கும். ஹேர் டிரையரே பல சமயம் போதும். நூலை வளையத்தின் கால் மேல் வைத்துத்தான் அறுக்க வேண்டும், கோலின் மேல் கத்தி படவே கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் இழைகள் அறுபடும். பெரிய மீன் இழுக்கும்போது கோல் அங்கேதான் முறியும். மிச்சத்தை நகத்தாலோ, காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தாலோ தள்ளி எடுத்துவிட்டு ஸ்பிரிட்டில் துடைக்கலாம். பெயிண்ட் உரிக்கும் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். எபாக்ஸியைத் தின்கிற மருந்து கோலையும் தின்னும். அதில் பலகாலம் இருந்த மெத்திலீன் குளோரைடு ஆளையே கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 2019இல் அந்த வகை திரவத்தைப் பொதுமக்களுக்கு விற்பதையே தடை செய்தார்கள்.

மூங்கில் கோலின் நிழலை என்ன செய்வது? விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தொடுவதில்லை. அளந்து குறித்துக்கொண்டு, புது நூலை அதே இடத்தில், நிழலைவிட ஒரு இழை அகலமாகச் சுற்றி மூடிவிடுகிறார்கள்.