பணயத்தில் வைத்த நாடு: பாஞ்சாலி சபதத்தின் உவமையும் ஓசையும்

பாஞ்சாலி சபதத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் பலரும், பாஞ்சாலியே பாரத தேவி, கௌரவர் அந்நிய ஆட்சியாளர், அவிழ்ந்த கூந்தல் அடிமை வாழ்வு என்று பொருத்தங்களை அடுக்கிவிட்டு, அவ்வளவில் நிறைவெய்திவிடுகின்றனர். பொருத்தம் பிழையன்று. ஆயினும், பாரதியார் புதுவையில் வாழ்ந்த நாளில், 1912-இல் அச்சேறிய முதற்பாகம், துகிலுரியும் கட்டத்தை எட்டாமலே, தருமன் நாட்டை வைத்து இழக்கும் இடத்தோடு நின்றது என்பதையும், எஞ்சிய சருக்கங்கள் கவிஞர் மறைந்தபின் 1924-இல்தான் நூலாயின என்பதையும் நினைவிற்கொள்வோமாயின், இக்காவியத்தின் நாட்டுணர்ச்சிக்கு உயிர்நிலை அந்தச் சூதாட்ட மண்டபத்திலேயே இருப்பது புலனாகும்.

வியாச பாரதத்தில், அந்தணரும் அவர்தம் உடைமையும் நீங்கலாக, நகரும் நாடும் குடிகளும் மற்றப் பணயங்களுள் ஒன்றாக வைக்கப்படுகின்றன. சகுனி வென்றேன் என்கிறான். கதை அடுத்த பணயத்துக்குப் போய்விடுகிறது. பாரதியாரோ அங்கே கதையை நிறுத்திவிடுகிறார். கோயிற் பூசகனே விக்கிரகத்தை விற்பதையும், வாயிற்காவலனே தான் காக்கும் வீட்டைத் தோற்பதையும் உவமை காட்டுகிறார். சக்கரவர்த்திக்கு ஒப்பாகக் கூலிக்காவலன் ஒருவனைக் கொணர்ந்து நிறுத்தும் துணிவை என்னென்பது! பூசகனுக்கும் காவலனுக்கும் அப்பொருளின்மேல் உரிமை யாதுமில்லை. காக்கும் கடமை ஒன்றே உண்டு.

இவ்வுவமைக்கு வலிமை தருவது ஓசை. சிந்தில் அடியின் நடுவே தனிச்சொல் நின்று, பாடுவோன் குரலைச் சற்றே தங்கவைக்கும். விக்கிரகமும் வீடும் அந்தத் தனிச்சொல்லின் இடத்திலேயே வந்தமைகின்றன. குரல் அவற்றின்மேல் தங்கிய கணத்தில், அவற்றுக்கு யாது நேர்ந்ததோ என்று கேட்போன் நெஞ்சு திடுக்கிட, விற்றலும் இழத்தலும் அடுத்த அரையடியில் வந்து விழுகின்றன. பாமரரும் விரும்பும் இசையில் காவியம் செய்ய வேண்டுமென்று முகவுரையில் விரும்பியவர், அந்த இசையை வெறும் இனிமைக்காக நாடவில்லை என்பதற்கு இஃதொன்றே போதும். நூலை வாய்விட்டுப் பாடாமல் கண்ணால் மட்டும் மேய்ந்து செல்லும் புலவர்க்கு இது கிட்டுவது அரிது. உவமை முடிந்ததும் தரும சாஸ்திரத் தீர்ப்பு வருமென்று எதிர்பார்க்கிறோம். வருவதோ தெருவில் நிற்பவன் முகஞ்சுளித்துச் சொல்லும் இகழ்ச்சிக் குரல்.

அத்தினபுரிக்குச் செல்லும் வழியில் அருச்சுனன் பாஞ்சாலிக்குக் காட்டும் அந்திவானத்தின் வண்ணக்கோலத்தை ரசிகர்கள் பெரிதும் போற்றுவர். அழகுதான், ஆனால் என் செவிக்கு அது காவியத்தின் ஓய்விடம்.

நாடு பறிபோன அவ்விடத்திலேயே, அரசர் குடிகளைத் தம்போன்ற மனிதராகக் கருதாமல் ஆட்டு மந்தையாக எண்ணிவிட்டனர் என்று கவிஞர் குமுறுகிறார். பின்னர்ப் பாஞ்சாலியைத் துச்சாதனன் வீதிவழியே இழுத்துச் செல்கையில், நகரமாந்தர் தடுக்காமல் நின்று புலம்புகின்றனர். அரசர் கருதிய மந்தையாகவே அவர்கள் தம்மை ஆக்கிக்கொண்டனர் போலும்! அங்கே இரட்டித்த வல்லெழுத்து எதுகையாகி அடுத்தடுத்து அறைகிறது. அந்த அறை துச்சாதனனுக்கு உரியதன்று. வேடிக்கை பார்த்தவர்க்கு உரியது.