கோணமலைத் துறைமுகமும் கூம்புப் பற்சில்லும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவும் தளபதிகளின் வரலாறாகவுமே சொல்லப்பட்டு வந்துள்ளது. 1782 செப்டெம்பர் 3 ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் இத்துறைக்கு வெளியே கடலில் பொருதினர். 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். 1957 ஒக்டோபர் 15 இல் அவர்களது கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இவை யாவும் ஏடுகளில் உள்ளவை. ஆனால், கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஓர் உருக்குச் சில்லின் கதையும் இத்துறைமுகத்தின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. அதுவே கூம்புப் பற்சில்லு. பட்டறைகளில் அதனைப் 'பெவல் கியர்' என்பர்.

ஒரு திசையில் சுழலும் விசையைச் செங்கோணமாகத் திருப்பி வேறொரு திசையில் சுழலச் செய்வதே இச்சில்லின் பணி. விசையைத் திருப்பும் தேவை மனிதனுக்குப் புதியதன்று. கமலையில் எருதுகள் சரிவில் இறங்கி நடக்க, கயிறு உருளையின் மேல் திரும்பி, சால் கிணற்றினின்று மேலே ஏறுகிறது. அங்கே திசையைத் திருப்புவது உருளை, பல் இல்லை. பற்களால் திருப்பும் முறையும் மிகப் பழையதே. நிமிர்ந்து சுழலும் நீர்ச்சக்கரம் படுத்துச் சுழலும் திரிகைக் கல்லைப் பற்சில்லுகளின் துணையால் இயக்குவதை உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதலாம் நூற்றாண்டிலேயே விவரித்தார். எருது சுற்றிவர, பல்லோடு பல் கோத்துக் குடங்கள் நீரிறைக்கும் கிணற்றுச் சக்கரத்தைப் பஞ்சாபிலே கண்ட பாபர், தமது நினைவுக் குறிப்பில் அதனைப் பதிந்து வைத்தார்.

அச்சில்லுகள் மரத்தாலானவை. எருதின் நடைக்கும் ஓடையின் வேகத்துக்கும் மரப்பல் போதுமானதாக இருந்தது. நீராவியும் எண்ணெய் எந்திரமும் வந்தபின் மரம் தாங்கவில்லை; பற்களின் வடிவமும் பிழையற்றதாக அமைய வேண்டியதாயிற்று. உச்சிகள் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு வைத்த இரண்டு கூம்புகளின் மேல் வெட்டப்பட்ட பற்கள்தாம் வழுக்காமல் உருண்டு சேரும். இத்தகைய பற்களைச் செவ்வையாகச் சீவும் பொறியை 1874 இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வில்லியம் கிளீசன் அமைத்தார். அதன்பின் கூம்புப் பற்சில்லு சிறிய எந்திரங்களுக்குள்ளும் தாராளமாகப் புகுந்தது.

திருக்கோணமலைக்கு அது போரோடு வந்தது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அவற்றை எதிர்க்க ஹரிக்கேன், ஃபுல்மார் விமானங்கள் எழுந்தன. இரு வகையிலும் மெர்லின் எந்திரமே இருந்தது. அதில் பன்னிரண்டு உருளைகள் இரண்டு வரிசைகளாக நிற்கும். ஒவ்வொரு வரிசையின் தலைமீதும் வால்வுகளைத் திறக்கும் ஒரு தண்டு உண்டு. எந்திரத்தின் பின்புறத்திலிருந்து மேலே செல்லும் சாய்தண்டுகள், கூம்புப் பற்சில்லுகளின் வழியாக அத்தண்டுகளைச் சுழற்றும். எந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது வால்வுத் தண்டு 1,500 சுற்றுச் சுழலும். அதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடியில் 25 முறை திறந்து மூடும். நடுவே ஒரு சில்லு முறிந்தால் ஆறு உருளைகள் ஒருங்கே அடங்கிவிடும். வானில் நின்ற விமானியின் உயிர் அந்தப் பற்களின்மேல் இருந்தது.

அடுத்த ஆண்டுகளில் நீர்மூழ்கிக் கப்பல்கள் இங்கே நிலைகொண்டன. திருக்கோணமலையிலிருந்து இயங்கிய 'டாலி-ஹோ' என்னும் நீர்மூழ்கி, 1944 ஜனவரி 11 இல் பினாங்குக்கு அருகே 'குமா' என்னும் ஜப்பானியப் போர்க்கப்பலை டார்ப்பீடோ எய்து மூழ்கடித்தது. அக்கப்பலோடு பலர் மாண்டனர். டார்ப்பீடோவின் வாலில் ஒரே ஒரு விசிறி இருந்தால், விசிறி ஒருபுறம் சுழல டார்ப்பீடோவின் உடல் மறுபுறம் உருளும், குறி தவறும். ஆதலால் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள் பொருத்தப்பட்டன. எதிரெதிரே நோக்கும் இரண்டு கூம்புப் பற்சில்லுகளும், அவற்றின் இடையே குறுக்காக நிற்கும் சில்லுகளும் சேர்ந்து ஒரே எந்திரத்தின் விசையை இரு திசைகளுக்கும் பிரித்துக் கொடுத்தன.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது: இத்தகைய சில்லுக்கு எந்த உருக்கு ஏற்றது? மிகக் கடினமான உருக்கே ஏற்றது எனத் தோன்றலாம். அது பிழை. முழுதும் கடினமான பல் கண்ணாடியைப் போன்றது. அதிர்ச்சி வந்தால் உடையும். முழுதும் மென்மையான பல் உடையாது. ஆனால் விரைவில் தேய்ந்து போகும். வெளியே கடினமும் உள்ளே இளக்கமும் ஒருங்கே வேண்டும். கரிச்சத்துக் குறைந்த உருக்கில் பற்களை வெட்டி, 900 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கரிச்சத்தை மேற்பரப்பில் ஊறச் செய்து, எண்ணெயில் குளிரவைப்பர். அப்போது தோல் மட்டும் இறுகும். உள்ளுடல் அடியைத் தாங்கும். இதனையே பட்டறையினர் 'கேஸ் ஹார்டனிங்' என்பர்.

போர்க்காலத்தில் பிரிட்டன் வகுத்த உருக்குப் பட்டியலின் பெயர்கள் இன்றும் இலங்கை, இந்தியப் பட்டறைகளில் வழங்குகின்றன. மெல்லச் சுழலும் இலேசான சுமைக்கு ஈ.என். 8 போதும். சுமை கூடினால் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த ஈ.என். 24 நின்று பிடிக்கும். வேகமும் திடீர் அதிர்ச்சியும் சேர்ந்து வரும் இடத்தில், தோலை மட்டும் இறுக்குவதற்கென்றே அமைந்த ஈ.என். 36 போன்ற நிக்கல் உருக்கே நம்பத்தக்கது. விலையை மட்டும் பார்த்து முதலாவதை மூன்றாவதன் இடத்தில் வைப்பது பின்னர் பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும்.

போர் முடிந்தது, கடற்படைத் தளமும் கைமாறியது. ஆனால் கூம்புப் பற்சில்லு இத்துறையை விட்டுப் போகவில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் மீனவர் படகுகளின் பின்னே வெளியிணைப்பு எந்திரமாக அது வந்து சேர்ந்தது. மேலிருக்கும் எந்திரத்தின் விசை நிமிர்ந்த தண்டின் வழியே நீருக்குள் இறங்கி, அங்கே செங்கோணமாகத் திரும்பி விசிறியைச் சுழற்றுகிறது. தண்டின் நுனியில் ஒரு சிறு சில்லு. அதன் இருபுறமும் எதிரெதிரே இரண்டு பெரிய சில்லுகள். அவ்விரண்டும் எதிர்த் திசைகளில் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். ஒன்றைப் பற்றினால் படகு முன்னே செல்லும். மற்றதைப் பற்றினால் பின்னே வரும். டார்ப்பீடோ இரு திசைகளையும் ஒரே வேளையில் பயன்படுத்தியது. மீனவர் படகு வேளைக்கு ஒன்றாகப் பயன்படுத்துகிறது. அடிப்படை அமைப்பு ஒன்றே.

இச்சில்லுகளைத் தெரிவு செய்வோர் உருக்கின் பெயரோடு நின்றுவிடலாகாது. சிறு சில்லுக்கு 13 பற்களும் பெரியதற்கு 26 பற்களும் இருந்தால், சிறு சில்லின் இரண்டே சுற்றில் அதே பற்கள் மீண்டும் சந்திக்கும்; ஒரு பல்லின் குறை அதன் துணைப்பல்லையே அரித்துக்கொண்டிருக்கும். 27 பற்கள் வைத்தால் அதே சந்திப்புக்கு 27 சுற்றுகள் ஆகும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பகிர்ந்து போகும். கூம்புச் சில்லுகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் இயல்புடையவை. ஆகவே தாங்கிகள் அசையாமல் பிடிக்க வேண்டும். பல்லில் நீலச் சாயம் தடவிச் சுழற்றினால், தொடும் இடம் பல்லின் நடுப்பாகத்தில் படிகிறதா, ஓரத்தில் படிகிறதா என்பது தெரிந்துவிடும். ஓரத்தில் தொடும் பல், எவ்வளவு நல்ல உருக்கானாலும், ஓரத்திலேயே உடையும். ஒன்று பழுதானால் இணையையே மாற்றுவது முறை.

கடலோரத்தில் இன்னொரு பகையும் உண்டு. இறுகிய தோலுடைய இந்த உருக்கு துருவுக்கு அஞ்சுவது. அதனைக் காப்பது கியர் எண்ணெயும், உப்புநீரைத் தடுக்கும் 'ஆயில் சீல்' எனும் சிறு வளையமுமே. வடித்துப் பார்க்கும்போது எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வளையத்தை அன்றே மாற்றாதவர், சில நாளில் சில்லையே மாற்ற நேரும். அதுவும் கரையில் இருக்கும்போது முறிந்தால்தான்.

அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், கரை கண்ணுக்கு மறைந்த தூரத்தில், நீருக்குள் ஒரு பல் உடைந்த படகுக்கு எந்திரம் முழங்கினாலும் நகர்வில்லை. பேரரசுகளின் போர்க்கலங்கள் இத்துறையை விட்டுச் சென்றுவிட்டன. அவற்றை இயக்கிய அறிவு மட்டும் இங்கே தங்கி, இரவில் வலை வீசப் போகிறவரை விடியலில் வீடு சேர்க்கிறது.